10 கிலோவாட் என்பது எவ்வளவு?

எங்கள் விடுதியில் தேனிப் பக்கத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். ஊரில் இருந்த நாளெல்லாம் அவருக்குப் பொழுது விடிந்ததும் அடைந்ததும் கோடைப் பண்பலையோடுதான். மைசூருக்கு வந்த முதல் வாரத்திலேயே தம் சிறிய வானொலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். 100.5 என்னும் இடத்தில் முள்ளை நிறுத்தினார். வந்தது கன்னடம். இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பினார். முன்னிலும் தெளிவான கன்னடம் வந்தது! கோடைக்கானல் நிலையத்தின் அலைவரிசை 100.5 மெகாஹெர்ட்ஸ், மைசூர் நிலையத்தின் அலைவரிசை 100.6. இரண்டும் அடுத்தடுத்த வீடுகள்.

மாடியிலிருந்து இறங்கி வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு கேள்வியோடு வந்தார். "அண்ணே, கோடை நிலையமும் 10 கிலோவாட், மைசூர் நிலையமும் 10 கிலோவாட் என்கிறார்கள். கோடை மலையிலிருந்து பேசினால் தேனி, திண்டுக்கல், மதுரை என்று அத்தனை மாவட்டமும் கேட்கிறது. ஒரே அளவு மின்சாரம் போடுகிற இரண்டு நிலையங்களில் ஒன்று மட்டும் அத்தனை தூரம் போவதெப்படி? அத்தனை தூரம் போகிறது இந்த ஊருக்கு மட்டும் வராததெப்படி?"

நல்ல கேள்வி. மின்னணுவியல் பயிலும் நாங்கள் நால்வர் அன்றிரவு அதைப் பற்றிப் பேசினோம். பேசினோம் என்பதைவிடச் சண்டையிட்டோம் என்பதே உண்மை. அந்தச் சண்டையில் தெளிந்ததை, இத்துறையைப் பயிலாத நண்பர்களுக்கும் விளங்குமாறு இங்கே எழுதுகின்றேன். சுருங்கச் சொன்னால், ஒரு வானொலி நிலையத்தின் பெயரோடு ஒட்டிச் சொல்லப்படும் கிலோவாட், அந்நிலையத்தின் உண்மையான வலிமையைச் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேறோர் அளவு உண்டு. அதற்குப் 'பயனுறு கதிர்வீச்சுத் திறன்' என்று பெயர். பொறியியலார் அதன் ஆங்கில முதலெழுத்துக்களைக் கொண்டு 'இ.ஆர்.பி.' என்பர்.

இந்தப் பேச்சை மைசூரிலிருந்து தொடங்குவது எல்லா வகையிலும் பொருத்தமுடையது. நம்முடைய இதே பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்தவர் எம். வி. கோபாலசாமி. 1935-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், தம்முடைய 'விட்டல் விகார்' என்னும் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதன் டிரான்ஸ்மிட்டரின் திறன் 30 வாட். நம் விடுதி அறையில் எரிந்த பழைய குண்டு பல்பு ஒன்றின் திறனே அதைவிடக் கூடுதல்! பின்னர் 250 வாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்று வந்தது. நிலையம் மைசூர் அரசின் பொறுப்புக்கு மாறி, 1950-இல் அகில இந்திய வானொலியோடு இணைந்தது. 1955-இல் பெங்களூருக்குப் பெயர்ந்தது. பிற்காலத்தில் மைசூர் மீண்டும் தனக்கென ஒரு நிலையத்தைப் பெற்றது.

உளவியல் ஆசிரியர் ஒருவர் தம் வீட்டில் செய்து காட்டியதைப் பார்த்துப் பொறியியல் மாணவர்கள் நாணவேண்டும் என்பது என் கருத்து. அது கிடக்கட்டும். இங்கே இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த வீட்டு நிலையம் சூடிக்கொண்ட பெயர்தான் 'ஆகாசவாணி'. அந்தப் பெயரை அகில இந்திய வானொலி ஏற்றுக்கொண்டது 1950-களின் பிற்பகுதியில். 'வானொலி' என்னும் அழகிய சொல் இருக்க இது எதற்கு என்று நம் நாட்டில் எழுந்த குரல்களை நாம் அறிவோம். அந்தச் சச்சரவின் ஊற்றுக்கண் நாம் நாள்தோறும் நடந்து போகும் தெருக்களில் இருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

மைசூருக்கும் முன்னோடி சென்னை. 1924-ஆம் ஆண்டில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முதலியோர் தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம், அவ்வாண்டு ஜூலை இறுதியில் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதன் டிரான்ஸ்மிட்டர் 40 வாட். பணமில்லாமல் 1927-இல் கழகம் ஓய்ந்தது. கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்தனர். மாநகராட்சி 1930-இலிருந்து ஒலிபரப்பை நடத்தியது. 30 வாட்டும் 40 வாட்டும் ஒரு நகரத்துக்குப் போதுமாயிருந்த காலம் அது. இன்று 10,000 வாட் வேண்டியிருக்கிறது. ஏன் என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

முதலில் மின்சாரம் டிரான்ஸ்மிட்டரிலிருந்து புறப்பட்டு நம் காதுக்கு வரும் வழியைத் தொடர்ந்து செல்வோம்.

டிரான்ஸ்மிட்டர் என்பது அறைக்குள் நிற்கும் பெட்டி. கோபுரமோ வெளியே உயரத்தில் நிற்கிறது. பெட்டியிலிருந்து உச்சியில் உள்ள ஏரியல் வரைக்கும் அலையைக் கொண்டு செல்ல ஒரு கேபிள் வேண்டும். வாய்க்காலில் விட்ட தண்ணீர் முழுவதும் கடைமடைக்கு வந்து சேருவதில்லை அன்றோ? வழியெல்லாம் மண் குடிக்கிறது. கேபிளும் அப்படியே, வழியில் ஒரு பகுதியைச் சூடாக்கித் தின்றுவிடுகிறது. மெல்லிய கேபிளானால் நிறையத் தின்னும்; பருத்த கேபிளானால் குறைவாகத் தின்னும். நீளம் கூடக் கூட இழப்பும் கூடும். கோபுரத்தை உயர்த்துகிறோம் என்றால் கேபிளையும் நீட்டுகிறோம் என்று பொருள். இதை மறந்தவர் பலர்.

உச்சிக்கு வந்து சேர்ந்த மின்சாரத்தை வானில் வீசுவது ஏரியலின் வேலை. இங்கேதான் கதையின் சுவையான பகுதி இருக்கிறது. வயலின் மறுகரையில் நிற்பவரைக் கூப்பிடும்போது நாம் என்ன செய்கிறோம்? இரு கைகளையும் வாயருகே குவித்துக் கூவுகிறோம். தொண்டையின் வலு கூடவில்லை. மேலும் கீழும் பக்கத்திலும் வீணே சிதறும் ஒலி, வேண்டிய திசைக்குத் திரும்புகிறது. மார்கழி மாதத்தில் கோயில் கோபுரத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கி செய்வதும் இதுதான். குழாய் எந்தத் தெருவை நோக்கியிருக்கிறதோ அந்தத் தெருக்காரர்களுக்குத்தான் தூக்கம் போகும். பின்பக்கத்துத் தெரு நிம்மதியாக உறங்கும்.

ஏரியலும் இவ்வாறே. வானத்தைப் பார்த்து வீசிய அலையால் வானொலி நிலையத்துக்குப் பயனில்லை. நேயர்கள் தரையில் இருக்கிறார்கள். ஆகவே ஏரியல்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோபுரத்தில் அடுக்குவர். அவை எல்லாம் சேர்ந்து மேலும் கீழும் போகும் அலையைச் சுருக்கி, சுற்றிலும் கிடைமட்டமாகப் பரப்பும். தனி ஏரியல் ஒன்று வீசுவதைப்போல் எத்தனை மடங்கு அந்தத் திசையில் வலுவாக வீசுகிறது என்பதை ஏரியலின் 'ஆதாயம்' என்கிறோம். எண்ணிக்கையை இரட்டித்தால் ஆதாயமும் ஏறத்தாழ இரட்டிக்கும். இங்கே ஒரு சொல் தவறாகக் கொள்ளப்படக் கூடாது. ஆதாயம் என்றதும் மின்சாரம் புதிதாகப் பிறக்கிறது என்று எண்ணவேண்டாம். ஒரு பக்கத்தில் எடுத்து மறுபக்கத்தில் கொடுப்பதே அது.

இப்பொழுது கணக்கைச் சொல்லலாம். டிரான்ஸ்மிட்டரின் திறனிலிருந்து கேபிளின் இழப்பைக் கழித்து, எஞ்சியதை ஏரியலின் ஆதாயத்தால் பெருக்கினால் வருவதே பயனுறு கதிர்வீச்சுத் திறன். வெளியில் நிற்கும் நேயருக்கு, எளிய ஏரியல் ஒன்றில் இவ்வளவு வாட் ஊட்டியதைப்போல் தோன்றும் என்பது அதன் பொருள்.

பொறியியலார் இதனைப் பெருக்கிக்கொண்டிராமல் டெசிபல் என்னும் அளவால் கூட்டியும் கழித்தும் முடிப்பர். 3 டெசிபல் என்றால் இரண்டு மடங்கு. 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. 10 கிலோவாட் என்பது ஒரு வாட்டுக்கு மேல் 40 டெசிபல். கேபிளில் 1 டெசிபல் போயிற்று; ஏரியல் 6 டெசிபல் தந்தது. 40-இல் 1 கழிய 39. அதனோடு 6 கூட 45. அதாவது 31.6 கிலோவாட். பெட்டியின் மேல் எழுதியிருப்பது 10. வானில் வீசுவது 31.6. இன்னொரு நிலையத்தில் அதே 10 கிலோவாட் பெட்டி இருந்து, கேபிளில் பாதி போய், ஒற்றை ஏரியலில் வீசினால் வருவது 5 கிலோவாட்டே. இரண்டையும் '10 கிலோவாட் நிலையம்' என்றுதான் ஊர் சொல்லும்!

பெரிய நிலையங்களின் கணக்கு நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆகவே நம் கைக்கெட்டும் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். கல்லூரி வளாகங்களில் சமுதாய வானொலி நடத்தலாம் என்று அரசு இசைவு கொடுத்தபின், சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004-ஆம் ஆண்டில் 90.4 மெகாஹெர்ட்ஸில் 'அண்ணா எஃப்.எம்.' நிலையத்தைத் தொடங்கியது. நாட்டில் வளாக வானொலிக்கு அதுவே முன்னோடி. 2006-இல் வெளியான நெறிமுறைகள் இத்தகைய நிலையங்களுக்கு ஓர் எல்லை வகுத்தன. 5 முதல் 10 கிலோமீட்டர் வரை கேட்டால் போதும். அதற்குப் பயனுறு கதிர்வீச்சுத் திறன் 100 வாட்டுக்கு மிகவேண்டாம். தக்க காரணம் காட்டினால் 250 வாட் வரை இசைவு பெறலாம். ஏரியலின் உயரம் தரையிலிருந்து 15 மீட்டருக்குக் குறையவும் கூடாது, 30 மீட்டருக்கு மிகவும் கூடாது என்பன அவை. சட்டம் எழுதியவர்கள் டிரான்ஸ்மிட்டரின் வாட்டைச் சொல்லாமல் வானில் வீசும் வாட்டைச் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள். அதுதான் நேர்மையான அளவு.

நம்மிடம் 50 வாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 30 மீட்டர்க் கோபுரத்துக்கு 40 மீட்டர் கேபிள் வேண்டும். சோதனைச்சாலையில் கிடக்கும் மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிளைப் போட்டால், பண்பலை அலைவரிசையில் 40 மீட்டரில் முக்கால் பங்குக்குமேல் போய்விடும். உச்சிக்கு வருவது ஏறத்தாழ 12 வாட். ஒற்றை ஏரியல் என்றால் பயனுறு திறனும் 12 வாட்தான். வளாகத்தைத் தாண்டியதும் ஒலி தேய்கிறது. உடனே குழு கூடும். "டிரான்ஸ்மிட்டர் போதாது, 200 வாட்டில் வாங்குவோம்" என்று தீர்மானம் நிறைவேறும். நிதி திரட்டத் துண்டேந்துவோம்.

அதற்குப் பதிலாகக் கொஞ்சம் பருத்த ஆர்.ஜி. 213 கேபிளைப் போட்டால் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 27 வாட். ஏரியல் ஒன்றுக்கு இரண்டாக அடுக்கினால் பயனுறு திறன் 54 வாட். டிரான்ஸ்மிட்டரைத் தொடவே இல்லை. வலிமை நான்கு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. பெரிய நிலையங்கள் இடும் கட்டை விரல் பருமனான கேபிள் கிடைத்தால் இழப்பு அரை டெசிபல் அளவே. அப்பொழுது 89 வாட் வீசலாம். சட்டம் வகுத்த 100-க்குள்ளேயே நிற்கலாம். மாறாக, 100 வாட் டிரான்ஸ்மிட்டரையும் நல்ல கேபிளையும் நான்கடுக்கு ஏரியலையும் ஒன்றாக மாட்டினால் 350 வாட்டைத் தாண்டிவிடும். 'எங்கள் பெட்டியில் 100 என்றுதான் எழுதியிருக்கிறது' என்று சொல்லித் தப்ப முடியாது.

வாங்கும்போது ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஏரியலின் ஆதாயத்தை எதனோடு ஒப்பிடுவது? இ.ஆர்.பி. கணக்கில், டைபோல் எனப்படும் அரையலை ஏரியலோடு ஒப்பிடுகிறோம். வேறு சிலர், எல்லாத் திசைகளிலும் சமமாக வீசும் கற்பனை ஏரியலோடு ஒப்பிடுவர். அப்படி ஓர் ஏரியலை எவரும் செய்ய முடியாது. கணக்குக்கு மட்டும் அது வசதி. டைபோலே அந்தக் கற்பனை ஏரியலைவிட 1.64 மடங்கு, அதாவது 2.15 டெசிபல், வலுவாக வீசும். ஆகவே கடைக்காரர் 6 டெசிபல் என்று சொன்னால், எந்த 6 என்று கேட்கவேண்டும். கற்பனை ஏரியலை வைத்துச் சொன்ன 6, நம் கணக்கில் 3.85 மட்டுமே. நாம் விடுதியில் பயன்படுத்தும் வைஃபைக் கருவிக்கு அரசு 2005-இல் வகுத்த 4 வாட் எல்லை இந்தக் கற்பனை ஏரியலை வைத்துச் சொன்னது. கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சைக் கணக்கிடுவதும் இவ்வாறே. 2012 செப்டம்பர் முதல் நம் நாட்டில் அந்த வரம்பு உலக வழக்கில் உள்ளதில் பத்தில் ஒன்றாகக் குறைக்கப்பட்டது.

இனி, தேனி நண்பரின் கேள்விக்குத் திரும்புவோம். கேபிளையும் ஏரியலையும் சொன்னதால் மட்டும் அதற்கு விடை கிடைத்துவிடவில்லை. இரண்டு நிலையங்களுக்கும் பயனுறு திறன் ஒன்றாகவே இருந்தாலும் கோடைதான் வெல்லும். காரணம் உயரம்.

பண்பலை அலைகள் ஏறத்தாழ ஒளியைப்போல் நேர்கோட்டில் செல்வன. பூமியோ உருண்டை. ஆகவே ஏரியலுக்கு ஒரு தொடுவானம் உண்டு. அதற்கப்பால் அலை விரைவில் தேய்ந்துபோகும். காற்று மண்டலம் அலையைச் சிறிதே வளைப்பதால், கண்ணுக்குத் தெரியும் தொடுவானத்தைவிட இது கொஞ்சம் தொலைவானது. இதற்கு எளிய வாய்ப்பாடு உண்டு: ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 30 மீட்டர்க் கோபுரத்துக்கு 23 கிலோமீட்டர். 100 மீட்டர்க் கோபுரத்துக்கு 41. இந்தியாவின் மிக உயரமான தொலைக்காட்சிக் கோபுரம் என்று பெயர்பெற்ற இராமேசுவரம் கோபுரம் 323 மீட்டர்; அதற்கு 74 கிலோமீட்டர். கடலும் மணலும் சூழ்ந்த தட்டை நிலம். அங்கே மனிதன் தானே மலையைக் கட்டவேண்டியிருந்தது.

கோடைக்கானலோ கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் நிற்கிறது. மதுரைச் சமவெளியைவிட ஏறத்தாழ 1900 மீட்டர் உயரம். வாய்ப்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 180 கிலோமீட்டர்! இயற்கை கட்டிக்கொடுத்த கோபுரம் அது. ஒரு பைசாச் செலவில்லை. பெயிண்ட் அடிக்கும் வேலையுமில்லை.

சமவெளியில் நிற்கும் நிலையம் ஒன்று வாட்டைக் கூட்டி இந்தக் குறையை ஈடுசெய்யலாகாதா என்றால், அது கடன் வாங்கிக் கல்யாணம் செய்வது போன்றது. திறனைப் பத்து மடங்காக்கினால் நேயரிடம் அலையின் மின்புலம் மூன்று மடங்கு சொச்சம்தான் கூடும். உயரத்தை இரட்டித்தாலோ, தொடுவானத்துக்கு உட்பட்ட தட்டை நிலத்தில், மின்புலம் ஏறத்தாழ இரட்டிக்கும். திறனை நான்கு மடங்காக்கினால் கிடைக்கும் பயன் அது. மின்கட்டணமோ மாதந்தோறும் வரும். உயரத்துக்கு ஒருமுறை செலவிட்டால் போதும்.

மலைக்கும் ஒரு தொல்லை உண்டு என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆதாயத்துக்கு ஆசைப்பட்டு ஏரியல்களை மிகுதியாக அடுக்கினால் அலை மெல்லிய தட்டாகிக் கிடைமட்டமாகப் போகும். 1900 மீட்டர் உயரத்திலிருந்து கிடைமட்டமாகப் போனால், அடிவாரத்து ஊர்களின் தலைக்கு மேலே போய்விடும். 50 கிலோமீட்டரில் உள்ள ஊர் இரண்டு பாகைக்குமேல் கீழே கிடக்கும். எனவே இத்தகைய இடங்களில் அலையைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்க்குமாறு ஏரியல்களை இணைப்பது வழக்கம். மலையின் மறுபக்கத்துப் பள்ளத்தாக்குகளுக்கு அதுவும் உதவாது. நிழல் நிழல்தான்.

இங்கே மூத்தவர்கள் ஒரு தடை எழுப்பலாம். 'இலங்கை வானொலியைக் கடல் கடந்து கேட்டோமே, அதற்கு எந்த மலை?' என்பார்கள். அவர்கள் கேட்டவை மத்திய அலையும் சிற்றலையும். சிற்றலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும்; மத்திய அலை பகலில் தரையை ஒட்டித் தவழ்ந்து, இரவில் வானிலும் பட்டுத் திரும்பும். அவற்றுக்குத் தொடுவானக் கணக்கு இல்லை. கோபாலசாமியின் காலத்து மத்திய அலையில் சிக்கல் வேறு வகை. அலைநீளம் 300 மீட்டர் என்றால் நல்ல ஏரியல் 75 மீட்டர் உயரம் வேண்டும். வீட்டுக் கூரையில் கட்டும் கம்பிக்கு அது ஏது? குட்டையான கம்பிக்கு ஊட்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி பூமியைச் சூடாக்குவதிலேயே போய்விடும். அக்காலத்தில் வீட்டு நிலையங்களின் சில பத்து வாட்டில் வானுக்குச் சென்றது இன்னும் சிறிது.

அப்படியிருந்தும் கேட்டதே, எப்படி? முன்னர் நிறுத்திவைத்த கேள்வி இதுதான். வலிமை என்பது எப்பொழுதும் இரைச்சலோடு ஒப்பிட்டு அறியவேண்டியது. நள்ளிரவில் முணுமுணுத்தாலும் கேட்கும். தேவராஜ மார்க்கெட்டில் கூவினாலும் கேட்காது. அன்று வானம் வெறிச்சோடிக் கிடந்தது. போட்டி நிலையங்கள் இல்லை; மோட்டார்களும் மின்விளக்குச் சாதனங்களும் எழுப்பும் இரைச்சல் மிகக் குறைவு. இன்று பன்னாட்டு ஒலிபரப்பு நெறிகள், ஸ்டீரியோப் பண்பலை தெளிவாகக் கேட்க நாட்டுப்புறத்தில் மீட்டருக்கு அரை மில்லிவோல்ட் மின்புலம் போதும் என்றும், நகரத்துக்கு இரண்டு மில்லிவோல்ட் வேண்டும் என்றும், மாநகரத்துக்கு அதற்கும் மேல் வேண்டும் என்றும் வைத்திருக்கின்றன. நாட்டுப்புற அளவைவிட நகரத்து மின்புலம் நான்கு மடங்கு. திறனில் பதினாறு மடங்கு. நகரவாசிகள் எழுப்பும் மின் இரைச்சலுக்கு ஒலிபரப்பு நிலையம் கட்டும் அபராதம் இது.

நண்பரின் கேள்வியில் இரண்டாம் பகுதி எஞ்சியிருக்கிறது: கோடை ஏன் மைசூருக்கு வரவில்லை? கோடைக்கானலுக்கும் மைசூருக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். இடையில் நீலகிரியின் கிழக்குச் சரிவும் சத்தியமங்கலத்துக் காடுகளும் மைசூர்ப் பீடபூமியின் விளிம்பும் எழுந்து நிற்கின்றன. மலைகளையெல்லாம் கற்பனையில் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். நண்பரின் மொட்டை மாடிக்கு மைசூர் ஏரியல் 5 கிலோமீட்டரில் இருக்கிறதென்றும், இரு நிலையங்களின் பயனுறு திறனும் சமம் என்றும் கொள்வோம். தூரம் 50 மடங்கு. திறனோ தூரத்தின் வர்க்கத்தில் தேயும்: 2500 மடங்கு. மலைகளைத் திரும்ப நட்டால் அந்த எண் எத்தனையோ மடங்கு பெருகும்.

பண்பலை நிலையம் ஒன்று தன் அலைவரிசையின் இரு பக்கமும் 75 கிலோஹெர்ட்ஸ் ஆடும்; மொத்தத்தில் ஏறத்தாழ 180 கிலோஹெர்ட்ஸ் இடம் அதற்கு வேண்டும். 100.5-க்கும் 100.6-க்கும் இடைவெளி 100 கிலோஹெர்ட்ஸ்தான். இரண்டு பாய்களையும் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஒன்றன்மேல் ஒன்று விரித்ததுபோல. ஒரே ஊரில் இப்படி இரண்டு நிலையங்களை வைக்கவே முடியாது. மைசூரிலும் கோடைக்கானலிலும் வைக்க முடிந்ததென்றால், இவர்கள் அலை அவர்களிடமும் அவர்கள் அலை இவர்களிடமும் போய்ச் சேராது என்று கணக்கிட்டு வைக்க முடிந்தது என்று பொருள். அந்தக் கணக்கில் வரும் எண்களில் முதன்மையானவை பயனுறு திறனும் உயரமும்தான். ஒரு நிலையத்துக்கு இவ்வளவுக்கு மேல் வீசாதே என்று எல்லை விதிப்பது அதன் நேயர்களுக்காக மட்டுமன்று. வேறோர் ஊரில் அதே இடத்தில் முள்ளை நிறுத்தியிருக்கும் நேயருக்காகவும்தான். நம் நண்பருக்கு மாடியில் கோடை கேட்கவில்லை என்பது எவருடைய குறையும் அன்று, திட்டமிட்டபடியே நடந்தது. இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஆறுதல் ஏதும் தெரியவில்லை.

கேட்காத இடம் எங்கே முடிந்து கேட்கும் இடம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லலாம். நேரில் பார்ப்பது இன்னும் நன்று. நண்பர் பொங்கல் விடுமுறைக்குச் சாமராஜநகர் வழியாக ஊருக்குப் போகிறார். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அந்த மலை விளிம்பைத் தாண்டியதும் மைசூர் நிலையம் நிழலில் விழவேண்டும். தெற்கே சமவெளி திறக்கவேண்டும். பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து, முள்ளை 100.5-இல் நிறுத்தி வைத்துக்கொண்டே இறங்குவதாகச் சொல்லியிருக்கிறார். எத்தனையாவது வளைவில் கன்னடம் மங்கியது, எத்தனையாவது வளைவில் தமிழ் வந்தது என்று குறித்து வரச் சொல்லி ஒரு சிறு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறேன்.